எம்எல்ஏ லெட்டர் ஒண்ணும் கோட்டா இல்ல
மேல ஒரு அண்ணன் "எம்எல்ஏ சிபாரிசு லெட்டர் இருந்தா அரசு வேலை தர்றது சட்டப்படி செல்லும்"னு போட்டிருக்கார், அது தப்புண்ணா. அரசியல் சாசனம் 16வது பிரிவு எல்லாருக்கும் சம வாய்ப்புன்னு சொல்லுது, லெட்டர்பேடுக்கு அதுல இடமே கிடையாது. 2006ல உமாதேவி வழக்குல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி பெஞ்ச், முறையான விளம்பரமும் போட்டியும் இல்லாம உள்ள வந்தவங்க நிரந்தரம் பண்ணுங்கன்னு உரிமையா கேக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. சேர்ந்த பிறகும் அப்படித்தான், மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள்ல 20வது விதி சொந்த சர்வீஸ் விஷயத்துக்கு அரசியல் செல்வாக்க கொண்டு வரக்கூடாதுங்குது. எங்க தெரு அக்கா ஒருத்தங்க அங்கன்வாடி வேலைக்கு லெட்டர் வாங்கித் தரேன்னு சொன்ன ஆளுகிட்ட நகைய வித்துக் காசு குடுத்தாங்க, அந்த லெட்டர் இன்னும் பிளாஸ்டிக் கவர்ல பீரோவுலதான் இருக்கு. அப்படிக் காசு வாங்குறது ஊழல் தடுப்புச் சட்டம் 7ஏ பிரிவுல குற்றம்ணா, தயவுசெஞ்சு அந்தக் கமெண்ட்ட மாத்துங்க.