ஓடோனவனை விட்டுவிடுங்கள்

அயர்லாந்தில், நம் கார்க் ஊர்ப் பொங்கல் விழா மேடையில், துடுப்புப் படகு வீரர் பால் ஓடோனவனைக் காட்டி ஒருவர் பிள்ளைகளுக்குச் செய்த அந்தப் பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். வராதவர்களுக்கு வீடியோ வந்திருக்கும். மூன்று நாளாக எல்லா குரூப்பிலும் அதுதான்.

"நம்ம கார்க்லயே படிச்சவர். ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார், டாக்டரும் ஆனார். உங்களால மேத்ஸ்ல ஒரு ஹெச்1 வாங்க முடியாதா?" ஹெச்1 என்றால் இங்கே இருப்பதிலேயே உயர்ந்த கிரேடு. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாங்கள் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

ஐயா, பால் ஓடோனவனின் வயதை எண்ணிப் பார்த்தீர்களா? 1994இல் பிறந்தவர். 22 வயதில் ரியோ ஒலிம்பிக்கில் அண்ணன் கேரியோடு வெள்ளி. துடுப்புப் படகில் அயர்லாந்துக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அந்தக் காலத்தில் அவர் டப்ளினில் படித்தது பிசியோதெரபி. மருத்துவம் அப்புறம்தான், இங்கே கார்க் பல்கலைக்கழகமான யூசிசியில். 27 வயதில் டோக்கியோவில் ஃபின்டன் மெக்கார்த்தியோடு தங்கம். 2024இல் மருத்துவம் முடித்தார், அதே கோடையில் பாரிஸில் மறுபடியும் தங்கம். அப்போது வயது 30.

முப்பது! நம் வீட்டுப் பையன் முப்பதுவரை "படிக்கிறேன், படகும் ஓட்டுறேன்" என்று சொன்னால், "இன்னும் செட்டில் ஆகலையா?" என்று முதலில் கேட்கப்போவது அதே பேச்சாளர்தான். அவருடைய கணக்கில் பதினெட்டு வயதில் பள்ளி இறுதித் தேர்வான லீவிங் சர்ட்டில் முழு 625 பாயின்ட், கூடவே மருத்துவத்துக்கான ஹெச்பேட் தேர்வு, 24இல் டாக்டர். அந்தக் கணக்கில் ஓடோனவன் ஃபெயில்.

"இருந்தாலும் உழைப்புதானே காரணம்?" என்பீர்கள். உழைப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த உழைப்புக்கு ஓர் ஊர் இருந்தது. ஸ்கிபரீன், சுமார் 3,000 பேர் வாழும் சின்ன ஊர். சின்ன வயதில் பழக்கியது அப்பா டெடி. அப்புறம் டொமினிக் கேசி என்ற கோச். ஐலன் ஆற்றில் விழுந்து எழுந்து வளர்ந்த கூட்டம் அது. ரியோ சமயத்தில் எப்படி ஜெயிப்பது என்று கேட்டதற்கு, கண்ணை மூடிக்கொண்டு நாய் மாதிரி இழுப்பதுதான் என்று சிரித்தவர்கள் அந்த அண்ணனும் தம்பியும். இப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து மார்க் ஷீட்டுக்குக் காவல் நிறுத்துகிறீர்கள்.

பேச்சாளருக்கு ஃபிலிப் டாயில் என்ற இன்னொரு அயர்லாந்துப் படகு வீரரைத் தெரியுமா? பெல்ஃபாஸ்டில் மருத்துவம் படிக்கப் போன இடத்தில்தான் அவர் துடுப்பையே தொட்டார். கோவிட் காலத்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, பாரிஸில் வெண்கலம் வாங்கினார். இவர் கதை இப்படி, அவர் கதை அப்படி. எதை வைத்து எங்கள் பிள்ளைகளை அடிக்கப் போகிறீர்கள்?

"அவங்க வெள்ளைக்காரங்க, அவங்களுக்கு இது சொந்த ஊர். நாம ரெண்டு மடங்கு ஓடணும்" என்று ஒரு தோழி எழுதியிருந்தாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டு வருடமாக இங்கே நைட் டியூட்டி பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? "நர்ஸுக்கு எதுக்கு டாக்டர் படிப்பைப் பத்தி அபிப்பிராயம்" என்று கேட்ட அண்ணாவுக்கு மட்டும் ஒன்று: நைட்டில் புது டாக்டர்கள் முதலில் யாரைத் தேடி வருகிறார்கள் என்று ஒருநாள் வந்து பாருங்கள்.

பள்ளியில் நான் 800 மீட்டர் ஓடியவள். மாவட்ட அளவில் இரண்டாவது. ப்ளஸ் ஒன்னில் அப்பா ஸ்பைக்ஸை எடுத்துப் பரணில் போட்டார். "ஓடி என்னத்தைக் கிழிக்கப் போற?" அப்பாவைக் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

என் பையன் ஃபிஃப்த் இயர், லீவிங் சர்ட்டுக்கு முந்தைய வகுப்பு. மூன்று வருடம் லீ ஆற்றில் படகு ஓட்டினான். அக்டோபரில் நிறுத்தினேன். சனிக்கிழமை காலை கெமிஸ்ட்ரி கிரைண்ட்ஸ், அதாவது டியூஷன், இருக்கிறது, வேறு நேரம் கிடைக்கவில்லை. "லீவிங் சர்ட் முடியட்டும் கண்ணா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று விழா முடிந்து காரில் வரும்போதுதான் கேட்டான்: "அம்மா, ஓடோனவனுக்கு சனிக்கிழமை கிரைண்ட்ஸ் இருந்துச்சா?"

உள்ளங்கையில் இருந்த காய்ப்பெல்லாம் மறைந்துவிட்டது. சனிக்கிழமை ஆறு மணிக்கு மட்டும் இன்னும் தானாக எழுந்துவிடுகிறான். கிரைண்ட்ஸ் ஒன்பதரைக்கு. அதுவரை கிச்சனில் உட்கார்ந்திருக்கிறான்.