யோருபா பற்றி யோருபாக்களே எழுதியவை உண்டு

மேற்கு ஆப்பிரிக்காவில், முக்கியமாக நைஜீரியாவில், வாழும் யோருபா மக்களைப் பற்றிப் படிக்க விரும்புவோரிடம், 'யோருபாவில் எல்லாம் வாய்மொழிதான், வெளிநாட்டு ஆய்வாளர்களின் புத்தகங்களைத் தவிர வேறு வழியில்லை' என்று சிலர் சொல்வதுண்டு. இது சரியில்லை. யோருபா மொழிக்கு 1843-இலேயே சொற்தொகுதி வெளியிட்ட சாமுவேல் அஜயி க்ரௌதர் ஒரு யோருபாக்காரர், சிறுவயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு மீட்கப்பட்டவர். இன்னொரு யோருபாக்காரரான சாமுவேல் ஜான்சன் 1897-இல் முடித்த யோருபா வரலாற்று நூலின் கைப்பிரதி தொலைந்துபோக, அவருடைய தம்பி குறிப்புகளை வைத்து மறுபடி எழுதி, 1921-இல்தான் அச்சானது. நாவல் வேண்டுமா? யோருபா எழுத்தாளர் ஃபகுன்வா 1938-லேயே யோருபாவில் எழுதிவிட்டார். அதை ஆங்கிலத்தில் தந்தவர் நோபல் பரிசு பெற்ற நைஜீரிய எழுத்தாளர் வோலே ஷோயிங்கா.

யோருபா சமயத்தைப் பற்றி அறிய, யோருபா அறிஞரான வாண்டே அபிம்போலாவின் நூல்களிலிருந்து தொடங்குங்கள். அந்தச் சமயத்தின் குறிபார்க்கும் முறைக்கு இஃபா என்று பெயர். இஃபா குறி பார்ப்பவர் 16 பனங்கொட்டைகளை ஒரு கையிலிருந்து மறுகையால் அள்ளுகிறார். ஒன்று மிஞ்சினால் தட்டிலுள்ள பொடியில் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. இப்படி எட்டு முறை குறித்ததும் 256 வடிவங்களில் ஒன்று கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பாடல்கள் உண்டு. அந்தப் பாடல்களை அபிம்போலா உள்ளிருந்து விளக்குகிறார், அவரே ஒரு பபலாவோ, அதாவது இஃபா குறி பார்க்கும் பூசாரி, என்பதால்.

அமெரிக்க மானிடவியலாளர் பாஸ்கம் இஃபா பற்றி 1969-இல் எழுதியதும் நல்ல நூல்தான், யோருபா மூலப் பாடல்களோடு இருக்கிறது. அப்புறம் அதையும் படியுங்கள்.