போனுக்குள்ள டைரி வந்த கதையும் எங்க எல்லையோர சிம் கணக்கும்

போனையும், பேரு நம்பர் தேதி எல்லாம் ஏத்தி வெக்கற பாக்கெட் கருவியான டிஜிட்டல் டைரியையும் ஒரே டப்பாக்குள்ள அடைச்சது நல்ல காரியம்தான், அதுல எனக்கு சண்டை இல்லைங்க. ஆனா அடைக்கும்போது டைரிக்கு இருந்த ஒரு முக்கியமான குணத்தை வெளியவே விட்டுட்டாங்க, அதை யாரும் பேசவே மாட்டேங்கறாங்க. டைரின்னா சிக்னல் இருந்தாலும் இல்லாட்டியும், உள்ள கிடக்கற சிம் எந்த ஸ்டேட்டு சிம்மா இருந்தாலும், நம்ம விஷயம் நம்மகிட்டயே இருக்கும். இதோட அருமை சென்னையில இருக்கறவங்களுக்கு அவ்வளவா தெரியாது. தமிழ்நாடு-கேரளா எல்லையில கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கம் தொழில் பண்றவங்களைக் கேளுங்க, கதை கதையா சொல்லுவாங்க.

எனக்கு வீடு கேரளாவுல, தேங்காய் ஏவாரம் பொள்ளாச்சியில. ரெண்டுக்கும் நடுவுல பெரிய தூரமெல்லாம் இல்ல, ஆனா டெலிகாம் கணக்குல பாத்தா அது வேற சர்க்கிள் இது வேற சர்க்கிள், அதாவது போன் கம்பெனிங்க பிரிச்சு வெச்ச ஏரியா. 2003 வரைக்கும் வர்ற போனை எடுத்தாலே காசு, அது எல்லாருக்கும் பொது. அதுக்கப்புறம் நாடு பூரா இன்கமிங் ஃப்ரீன்னு கொண்டாடினாங்க பாருங்க, அப்பவும் எங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் ரோமிங்னு ஒரு வாலு தொங்கிட்டே இருந்துச்சு. வீட்டு முன்வாசல்ல நின்னா ஒரு டவர், பின்னாடி மாட்டுக்கொட்டாய்க்கு போனா இன்னொரு டவர், சொந்த வீட்டுக்குள்ளயே "கேரளாவுக்கு வருக"ன்னு மெசேஜ் வரும், பால் கறந்துட்டு திரும்பி வர்றதுக்குள்ள தமிழ்நாடு வரவேற்கும். சிரிப்பா இருக்கலாம், ஆனா எந்த டவர் புடிச்சிருக்குன்னு பாக்காம போனை எடுத்தா நிமிசத்துக்கு காசு போகும். அதனால நாங்க எல்லாரும் ரெண்டு சிம் வெச்சிருந்தோம், பாலக்காட்டு பக்கத்துக்கு ஒண்ணு, பொள்ளாச்சி பக்கத்துக்கு ஒண்ணு. பேட்டரியைக் கழட்டி, சிம்மை மாத்தி, மறுபடி ஆன் பண்ணி... பஸ் செக்போஸ்ட் தாண்டும்போது பாதி பேரு மடியில போனைப் பிரிச்சு வெச்சுட்டுத்தான் உக்காந்திருப்பாங்க.

இங்கதான் விஷயமே இருக்கு. அன்னிக்கு நெறைய போன்ல பேரு நம்பர் எல்லாம் சிம்லதான் இருக்கும். சிம்மைக் கழட்டினா நம்பரும் கூடவே கழண்டு வந்துடும். பொள்ளாச்சி சிம்ல இருக்கற லாரிக்காரர் நம்பர் பாலக்காட்டு சிம்ல இருக்காது, ரெண்டுலயும் ஏத்தலாம்னா சிம்ல இடம் கொஞ்சம், பேரும் நீளமா அடிக்க முடியாது, "மணி லாரி"ன்னு அடிச்சா எந்த மணின்னு நமக்கே தெரியாது. எங்க பாலக்காட்டு சித்தூர் தாலுக்காவுல மணின்னு கூப்பிட்டா தெருவே திரும்பிப் பாக்கும்.

அதுக்கு கேசியோ டிஜிட்டல் டைரி எவ்வளவோ தேவலைங்க. சட்டைப் பாக்கெட்ல அடங்கும், திறந்தா ஒரு பக்கம் சின்ன ஸ்கிரீன், இன்னொரு பக்கம் பொடிப் பொடியா பட்டன். பேரு, நம்பர், விலாசம், என்னிக்கு யாருக்கு லோடு, எல்லாம் ஏறும். வட்ட பேட்டரி, மெயினுக்கு ஒண்ணு பேக்கப்புக்கு ஒண்ணுன்னு ரெண்டு வகை. ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டினா எழுதினது அத்தனையும் போச்சு, அதனால ஒண்ணு மாத்தி முடிச்ச பிறகுதான் அடுத்ததைத் தொடணும். அந்த ஒரு சாங்கியத்தை மட்டும் ஒழுங்கா செஞ்சா போதும், அது பாட்டுக்கு வேலை செய்யும். எந்த டவரையும் கேக்காது. என்ன, நம்பரை அதுல பாத்து போன்ல ஒவ்வொண்ணா அமுக்கணும், அதுதான் ரோதனை. சும்மா சொல்லக்கூடாது, வெயில்ல நின்னுட்டு அந்த மங்கின ஸ்கிரீனைப் பாத்து அமுக்கறது பெரிய ரோதனைதான்.

இந்த ரோதனை நமக்கு மட்டுமில்ல, அமெரிக்காக்காரனுக்கும் இருந்திருக்கு. 1994லயே ஐபிஎம் காரங்க சைமன்னு ஒண்ணு விட்டாங்க, போனு, காலண்டர், அட்ரஸ் புக்கு, ஃபேக்ஸு, ஈமெயிலு எல்லாம் ஒண்ணுலயே, அதுவும் தொடு திரை. அரைக் கிலோ எடை, பேசினா ஒரு மணி நேரம் சார்ஜ் நிக்கும். சுமாரா 50,000 பீஸ் போச்சாம், அத்தோட சரி. 1996ல நோக்கியா 9000 கம்யூனிகேட்டர், கண்ணாடிக் கூடு மாதிரி நீளவாக்குல திறந்தா உள்ள கீபோர்டு, அது கிட்டத்தட்ட 400 கிராம். அதே வருஷம் பாம் கம்பெனியோட பைலட்னு ஒரு ஆர்கனைசர், அதாவது குச்சியால எழுதற டிஜிட்டல் டைரி. அதை உருவாக்கின ஜெஃப் ஹாக்கின்ஸ் மொதல்ல பாக்கெட் சைசுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி எடுத்துட்டு சுத்தினாராம், யாராவது தேதி சொன்னா அந்தக் கட்டை மேலயே குச்சியால எழுதற மாதிரி செஞ்சு பாப்பாராம். பைத்தியக்காரத்தனமா தெரியும், ஆனா எனக்கு ரொம்பப் புடிச்ச கதை. பொருளை செய்யறதுக்கு முன்னாடி அதைத் தூக்கிட்டு நடந்து பாக்கணும்னு தோணியிருக்கில்ல அந்த மனுசனுக்கு.

அதே ஆளுதான் அப்புறம் ஹேண்ட்ஸ்பிரிங்னு தனி கம்பெனி ஆரம்பிச்சு, வைசர்னு ஒரு ஆர்கனைசர் விட்டு, 2000ல அதோட முதுகுல சொருகற மாதிரி ஒரு போன் துண்டையும் விட்டாரு. அதாவது வேணும்ங்கறப்ப போனு, கழட்டிட்டா வெறும் டைரி. என்னைக் கேட்டா நியாயமான வடிவம் அதுதான். ஆனா தடியா இருந்துச்சு, ஓடல. அப்புறம் 2002ல ட்ரியோன்னு ரெண்டையும் ஒரேயடியா ஒட்டிட்டாங்க, பேரைத் தொட்டா போன் போகும், நம்பரை அமுக்கற ரோதனை தீந்துச்சு. பைலட், வைசர், ட்ரியோ மூணுலயும் ஒரு பழக்கம் பொது. எழுதினது கருவிக்குள்ள இருக்கும், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரோட கோத்து ஒரு பட்டன் அமுக்கினா இன்னொரு காப்பி கம்ப்யூட்டர்ல ஏறிடும். சிம்முக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எந்த சிம்மை வேணும்னாலும் மாத்திக்கோ, மணி மணியாவே இருப்பாரு.

ஒட்டினதுல ஒரு கஷ்டமும் இருக்குங்க, ஏவாரம் பண்றவங்களுக்குத்தான் அது புரியும். போன் காதுல இருக்கும்போது டைரியை எப்படிப் பாக்கறது? அந்தப்பக்கம் சேட்டன் "போன தடவை என்ன ரேட்டுக்கு கொடுத்தே"ன்னு கேக்கறாரு, போனை காதுல இருந்து எடுத்து தேடினா அவரு பேசறது கேக்காது, ஸ்பீக்கர்ல போட்டா களத்துல நிக்கற அத்தனை பேருக்கும் ரேட்டு தெரியும். பொள்ளாச்சி மாட்டுச்சந்தையில துண்டைப் போட்டு மூடி உள்ள விரலைப் புடிச்சு விலை பேசற ஊருங்க இது, இங்க போய் ரேட்டை ஸ்பீக்கர்ல பேசறதா? தனி டைரி இருந்தா ஒரு காதுல போனு, ஒரு கையில டைரி, வேலை முடிஞ்சுது. இப்ப வயர் இல்லாத இயர்போன் வந்துடுச்சு, அதனால தப்பிச்சோம். 2002ல பிளாக்பெர்ரி 5810னு ஒரு மாடல்ல இயர்போன் மாட்டினாத்தான் பேசவே முடியும், காதுல வெச்சுப் பேச அதுல மைக்கும் கிடையாது ஸ்பீக்கரும் கிடையாது. அன்னிக்கு எல்லாரும் கிண்டல் பண்ணினாங்க, ஆனா ஏவாரிக்கு அது சரியாத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் 2007. ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில ஐபோனைக் காட்டும்போது மூணு பொருளை ஒண்ணாக்கியிருக்கோம்னு சொன்னாரு, பாட்டு கேக்கற ஐபாடு, போனு, இன்டர்நெட் கருவி. அந்த மூணுல டைரி இல்ல, கவனிச்சீங்களா? பதிமூணு வருஷமா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எதை போனோட ஒட்டப் பாடுபட்டாங்களோ அது லிஸ்ட்லயே வரல. காலண்டரு, நோட்ஸு எல்லாம் உள்ள இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு இடத்துல எழுதினதைக் காப்பி பண்ணி இன்னொரு இடத்துல ஒட்டற வசதியே அதுல 2009லதான் வந்துச்சு. எழுதறவனை மனசுல வெச்சு செஞ்ச பொருளா இருந்தா அதை ரெண்டு வருஷம் விட்டிருப்பாங்களா?

நம்ம ஆளுங்களும் சும்மா இருக்கல. பெங்களூருல ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) பேராசிரியர்கள் சில பேரும் ஒரு கம்பெனியும் சேர்ந்து சிம்ப்யூட்டர்னு கைக்கு அடக்கமா ஒரு சல்லிசான கம்ப்யூட்டரை யோசிச்சாங்க, 2004ல அமிடான்னு கடைக்கும் வந்துச்சு. அதுல ஒரு ஸ்மார்ட் கார்டு சொருகற இடம் உண்டு. எதுக்குன்னா ஊருக்கு ஒரு கருவி போதும், ஆளுக்கு ஒரு கார்டு, அவங்கவங்க விஷயம் அவங்கவங்க கார்டுல, கருவி யாருதா இருந்தா என்னங்கற கணக்கு. எனக்கு அதைப் படிச்சப்ப தூக்கி வாரிப்போட்டுச்சு, எங்க ஊருக்குன்னே யோசிச்ச மாதிரி! ஆனா நெனச்ச அளவுக்கு விக்கல. அதுக்குள்ள சல்லிசா போன் வந்து எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு ஆயிடுச்சு, பகிர்ந்துக்கற பேச்சுக்கே இடமில்லாம போச்சு.

எங்க பக்கத்துக்கு நெசமான விடிவு எது தெரியுங்களா? டூயல் சிம். ஆர்கனைசரும் இல்ல, ஐபோனும் இல்ல. ரெண்டு சிம்மும் ஒரே போன்ல, பேரு நம்பர் எல்லாம் போன் மெமரில. செக்போஸ்ட்ல பேட்டரி கழட்டற வேலை அன்னிக்கோட ஒழிஞ்சுது. அப்புறம் 2015ல பிஎஸ்என்எல் ரோமிங்ல இன்கமிங்கை ஃப்ரீ பண்ணாங்க, ஜியோ வந்த பிறகு மத்தவங்களும் வழிக்கு வந்தாங்க, மாட்டுக்கொட்டாய் டவர் பிரச்சினையும் தீந்துச்சு. அந்தக் கொஞ்ச காலம்தாங்க பொற்காலம். போனு, டைரி, ரெண்டு ஸ்டேட்டு, எல்லாம் பாக்கெட்டுக்குள்ள சண்டை இல்லாம இருந்துச்சு.

இப்ப பாருங்க, சுத்தி சுத்தி அதே சிம்முகிட்டயே வந்து நிக்கறோம். நம்பர் எல்லாம் போன் மெமரில கூட இல்ல, கூகுள் அக்கவுண்ட்ல இருக்கு. புது போன் வாங்கினா லாகின் பண்ணு, எல்லாம் தானா வரும்ங்கறான். சரி. லாகினுக்கு ஓடிபி வரும்ங்கறான். ஓடிபி எந்த நம்பருக்கு வரும்? அன்னிக்கு எப்பவோ கொடுத்த பொள்ளாச்சி நம்பருக்கு. அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போடலைன்னா மெசேஜ் நிக்கும், ரொம்ப நாள் விட்டுட்டா நம்பரே வேற யாருக்காவது போயிடும். பேசறதுக்கு ஒரு சிம் போதும்னு ஆனதுக்கப்புறமும் இந்த ஓடிபிக்காகவே ரெண்டாவது சிம்முக்கு மாசாமாசம் தண்டம் கட்டற எத்தனை பேரு எங்க பக்கம் இருக்காங்க தெரியுங்களா. பேங்க் ஒரு நம்பர்ல, ஆதார் ஒரு நம்பர்ல, கேஸ் இன்னொண்ணுல. முன்ன சிம்முக்குள்ள பேரு இருந்துச்சு, இப்ப பேருக்குப் பூட்டுச் சாவி சிம்மா இருக்கு. அதுவாவது பரவாயில்லைங்க, அன்னிக்கு என் நம்பர் சிம்ல இருக்குன்னாவது தெரியும்.

2020 மே மாசம் கொரோனா ஊரடங்கப்ப, கோயமுத்தூர்-பாலக்காடு ரோட்டுல இருக்கற வாளையாறு செக்போஸ்ட்ல நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பாஸ் இருந்தாத்தான் உள்ள விடுவாங்க, பாஸ் போன்லதான் எடுக்கணும், பாஸ் இல்லாம வந்தவங்க வெயில்ல மாட்டிக்கிட்டாங்க. அந்த நேரத்துல போன்தான் எல்லாமே, அடையாளம், அனுமதி, வண்டி பேப்பர். அப்ப சார்ஜ் இல்லாத போனை வெச்சுட்டு நிக்கறவன் கையில எதுவுமே இல்லாதவன். அதுக்காக ஆன்லைன் பாஸே தப்புன்னு நான் சொல்ல வரல, தாளைத் தூக்கிட்டு அலையற காலத்துல வாளையாறுல லாரிங்க நின்ன வரிசையையும் பாத்தவந்தான் நானு. ஒரே பொருள்ல எல்லாத்தையும் கட்டினா அந்தப் பொருள் கையை விட்டா எல்லாமே போகும்னு செய்யறவங்களுக்கும் தெரியணும்ல, ஆஃப்லைன்ல ஒரு காப்பி வெச்சுக்கன்னு அந்த ஆப்பே சொல்ல வேண்டாமா.

என் அக்கா மகன் "மாமா, நீங்க பழைய காலத்து ஆளு"ங்கறான். அவன் சொல்றதுல பாதி சரி. தேடற விஷயத்துல இப்ப இருக்கற போனை அடிச்சுக்க முடியாது. எங்க காண்டாக்ட் லிஸ்ட்ல பாதி பேரு தமிழ்ல, பாதி இங்கிலீஷ்ல, பாலக்காட்டு கஸ்டமர் சில பேரு அனுப்பின கார்டை அப்படியே சேவ் பண்ணினதால மலையாளத்துல. கேசியோல தமிழே அடிக்க முடியாது, பாம்ல குச்சியால இங்கிலீஷ் எழுத்துக்குன்னே தனி கிறுக்கல் பழகணும். அதெல்லாம் திரும்ப வேணும்னு யாரும் கேக்கல. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, எழுதினது மொதல்ல போன்லயே இருக்கட்டும், அப்புறம் கூகுள் கிளவுடுக்கோ எங்கயோ போகட்டும், எனக்கு வேணும்ங்கறப்ப எந்த நம்பரையும் கேக்காம திறக்கட்டும்.

அது வர்ற வரைக்கும் நான் பண்றது இதுதான். மாசத்துக்கு ஒருக்கா காண்டாக்ட்ஸ் எல்லாத்தையும் ஒரு ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி மெமரி கார்டுல ஒண்ணு, வீட்டு கம்ப்யூட்டர்ல ஒண்ணு போட்டு வெச்சுடுவேன், காண்டாக்ட்ஸ் ஆப்லயே அதுக்கு வழி இருக்கு, தேடிப் பாருங்க. ரேட்டு மட்டும் குட்டி நோட்டுலதான், அது மாறாது. கம்பம் குமுளி பக்கம், செங்கோட்டை ஆரியங்காவு பக்கம், களியக்காவிளை பக்கம், அப்படியே அங்க ஆரம்பாக்கம் தடா பக்கம் இருக்கறவங்க யாராவது படிச்சீங்கன்னா சொல்லுங்க, அந்த ரெண்டாவது சிம்மை நீங்க இன்னும் உசுரோட வெச்சிருக்கீங்களா, இல்ல பேங்க்ல போய் நம்பரை மாத்திட்டீங்களா?