அது பாட்டுப் போடுற ரூம் இல்லை

ஒரு கல்லூரி தன் சமுதாய வானொலியை, அதாவது அக்கம்பக்கத்து மக்களுக்கான சின்ன எஃப்எம் நிலையத்தை, இடப்பற்றாக்குறை என்று சொல்லி மூடிய அறிவிப்பை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். நிலையத்தை மூடியதைக்கூட எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம். அதன் கீழே ஒரு பேராசிரியரே வந்து, "பசங்க பாட்டுப் போட்டு விளையாடின ரூம்தானே, பிளேஸ்மென்ட் செல்லுக்குக் கொடுத்தா நல்லது" என்று எழுதியிருக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பாட்டுப் போட்டு விளையாடவா?

வானலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில். அதற்குப் பிறகும் இழுத்தடித்து, 2002 கடைசியில்தான் கல்வி நிறுவனங்களுக்கு வானொலி உரிமம் தர மத்திய அரசு சம்மதித்தது. 2004 பிப்ரவரி 1ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அண்ணா எஃப்எம் வந்தது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. டெல்லியில் இல்லை, மும்பையில் இல்லை, நம்ம கிண்டியில். தொண்டு நிறுவனங்களுக்கு இந்த அனுமதி 2006இல்தான் கிடைத்தது. அதாவது இந்த நாட்டில் சமுதாய வானொலியை முதலில் நடத்திக் காட்டியது கல்லூரிகள்தான்.

நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்களிப்போடு வர வேண்டும் என்பது உரிம விதி. 50 வாட் டிரான்ஸ்மிட்டர், சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் எட்டும். பக்கத்துத் தெருக்காரருக்காகவே போட்ட அளவு அது. கல்லூரி மதிலுக்கு வெளியே இருப்பவர் உள்ளே வந்து உட்கார்ந்து பேசுவதற்கு அந்த வளாகத்தில் வேறு எந்த ரூம் இருக்கிறது? ஆடிட்டோரியமா? பிளேஸ்மென்ட் செல்லா?

நான் படித்த கல்லூரியில் வளாகத்தைப் பெருக்கும் அக்கா ஒருவர் பின்பக்கக் காலனியில் மகளிர் சுய உதவிக்குழு நடத்திக்கொண்டிருந்தார். குழுக் கணக்கு எழுதுவது பற்றிப் பேசக் கூப்பிட்டோம். ஸ்டுடியோவில் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "நின்னுக்கிட்டே சொல்றேன் தம்பி" என்றார். மைக் ஸ்டாண்டோ மேசையோடு சேர்த்துத் திருகி வைத்தது. மைக்கைக் கழற்றி நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள், யார் தவணை தவறினார்கள், அவர்களை எப்படிச் சண்டை போடாமல் கட்ட வைத்தார் என்று நோட்டைப் பார்க்காமலே சொன்னார். நிகழ்ச்சி ஒலிபரப்பான வாரமே நாலைந்து பெண்கள் கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டார்கள், அந்த அக்காவைப் பார்க்க. வாட்ச்மேன் மறித்திருக்கிறார். "ரேடியோவுக்கு வந்திருக்கோம்" என்று சொன்னதும் கேட்டைத் திறந்துவிட்டார். அத்தனை வருடம் அந்த மதிலை ஒட்டியே குடியிருந்தவர்கள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்ளே வந்தார்கள்.

இதையா விளையாட்டு என்கிறீர்கள்?

"இப்போ போட்காஸ்ட் இருக்கே" என்று வருவீர்கள், தெரியும். போட்காஸ்டைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும், டேட்டா வேண்டும். டீக்கடையில் ஓடுகிற ரேடியோவுக்கு அதெல்லாம் வேண்டாம். வடை போடுகிறவரின் காதிலும் அது விழும். "செலவு" என்பீர்கள். ஆண்டு விழாவுக்கு சினிமா நட்சத்திரத்தைக் கூப்பிடும்போது செலவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "யார் கேட்கிறார்கள்" என்ற கேள்விக்கு அந்த வாட்ச்மேனைத்தான் காட்டுவேன்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் 1967இல் விடுதியில் தொடங்கியது கேடிஆர்யூ வானொலி. 2010இல் நிர்வாகம் அதன் கோபுரம், அலைவரிசை, உரிமம் எல்லாவற்றையும் 95 லட்சம் டாலருக்கு விற்க முடிவெடுத்தது. நிலையத்தை நடத்திய மாணவர்களுக்கே பத்திரிகை பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. அவர்கள் விடவில்லை. இணையத்தில் தொடர்ந்து ஒலிபரப்பி, 2015இல் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரோடு மறுபடி எஃப்எம்முக்கு வந்தார்கள்.

அங்கே மாணவர்கள் உரிமம் தரும் அரசு ஆணையம் வரை போய் எதிர்க்க முடிந்தது. இங்கே? எங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றும் துறைத்தலைவர், முதல்வர் என்று கையெழுத்துக்குச் சுற்றும். செய்தி சொல்லக் கூடாது, அரசியல் கூடாது என்பது விதி, சரி. விடுதித் தண்ணீர் பற்றி ஒரு வரி வந்தாலும் அடிப்பார்கள், அது எந்த விதி? மைக்கை மாணவர் கையில் கொடுக்கவே பயம். அந்தப் பயத்துக்கு இடப்பற்றாக்குறை என்று பெயர் வைக்காதீர்கள். நாலரை மணி காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பதிவு செய்த பெண்களை எனக்குத் தெரியும். அட்டெண்டன்ஸ் போச்சு, இன்டர்னல் மார்க் போச்சு, வீட்டில் திட்டு. ஒருவருக்கும் ஒரு நன்றி கிடையாது. இன்றைக்கு அவர்கள் செய்ததை விளையாட்டு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள்.

அறையை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அறை மேல் ஆசை இல்லை. இப்போது மூடிய அந்த நிலையத்துக்கு வந்து பேசிய மீனவர்கள், சத்துணவு ஆயாக்கள், பனைத் தொழிலாளிகள் எல்லோருடைய குரலும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததாக அங்கே படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். அது இப்போது யாரிடம் இருக்கிறது? ஒரு நகலாவது அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா? அந்தப் பேராசிரியர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.