பழிவாங்கலை நம்பிவிட்டேன், இழப்பீட்டைத்தான் நம்ப முடியவில்லை

பெறாமகனின் பிடிவாதத்தால்தான் 'லைஃப்' என்ற பழைய அமெரிக்கத் தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். "சித்தி, ஒரே ஓர் அத்தியாயம்" என்றான். கொழும்பு வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் மின்விசிறிக்குக் கீழே கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு வாரத்தில் முதல் பருவத்தின் 11 அத்தியாயங்களும் முடிந்துவிட்டன.

கதை தெரியாதவர்களுக்கு: சார்லி குரூஸ் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பொலிஸ்காரர். கூட வியாபாரம் செய்த நண்பரையும் அவருடைய குடும்பத்தையும் கொன்றதாகச் சொல்லி அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்துவிடுகிறார்கள். பெலிக்கன் பே சிறையில் 12 ஆண்டுகள். பொலிஸ்காரன் கைதியாக உள்ளே போனால் மற்றக் கைதிகள் எப்படி வரவேற்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போகிறாள். பிறகு அவர் குற்றமற்றவர் என்று நிரூபணமாகிறது. வெளியே வருகிறவருக்குக் கோடிக்கணக்கான டொலர் இழப்பீடு கிடைக்கிறது, பழைய வேலையும் கிடைக்கிறது. பகலில் மற்றவர்களின் கொலை வழக்குகளைத் துப்புத் துலக்குகிறார். வீட்டில் மறைவான ஒரு சுவர் முழுக்கப் படங்களை ஒட்டி, தன்னைச் சிக்கவைத்தவர்கள் யார் யார் என்று கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார்.

டேமியன் லூயிஸ் இந்த வேடத்தைக் கத்தாமல், மேசையைக் குத்தாமல் செய்திருக்கிறார். எந்நேரமும் கையில் ஒரு பழம். சிறையில் பழம் கிடைக்காத மனிதர், கொலை நடந்த இடத்திலும் நின்று பழம் சாப்பிடுகிறார். பழிவாங்கும் நாயகன் என்றால் கண் சிவந்து நரம்பு புடைக்க வேண்டும் என்று பழகிப்போன எங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் நான் எழுத வந்தது நடிப்பைப் பற்றி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன மாமா வந்திருந்தார். கதலிப்பழச் சீப்பை மேசையில் வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து பாதி அத்தியாயம் பார்த்தார். குரூஸின் பெரிய வீடு திரையில் வந்தபோது, "இவனுக்கு இவ்வளவு காசு யார் கொடுத்தது?" என்று கேட்டார். நகர நிர்வாகம் கொடுத்தது, பிழையாகச் சிறையில் போட்டதற்கான இழப்பீடு என்று பெறாமகன் விளக்கினான். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏளனச் சிரிப்பு இல்லை, நல்ல பகிடி கேட்ட சிரிப்பு.

மாமாவை 1998இல், வெளிநாடு போகலாம் என்று கொழும்புக்கு வந்து லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தபோது பொலிஸார் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது அவருக்கு வயது 24. திரும்பி வரும்போது 28. சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு வாக்குமூலத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. வாசிக்கத் தெரியாத மொழி. நீதிமன்றம் அதை ஏற்காமல் விடுதலை செய்தது. அந்த வகையில் அவர் அதிர்ஷ்டசாலி என்றுதான் சொல்ல வேண்டும். சாதாரணச் சட்டத்தில் பொலிஸாருக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் பதிவு செய்தால் அது செல்லும். சிங்கராசா என்ற தமிழ் இளைஞரின் வழக்கில் அப்படியொரு வாக்குமூலத்தை மட்டும் வைத்து 50 ஆண்டு தண்டனை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அவருக்குச் சார்பாகச் சொன்னது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்க மறுத்தது.

மாமா ஏன் இழப்பீடு கேட்கவில்லை என்று பெறாமகன் கேட்டான். 2003இல் பிறந்த பிள்ளை, கேட்கத்தான் செய்வான். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. மாமா எங்கே இருக்கிறார் என்பதே முதல் ஐந்து வாரம் எங்களுக்குத் தெரியாது.

அதனால்தான் இந்தத் தொடரில் பழிவாங்கும் பகுதி முழுவதையும் என்னால் நம்ப முடிகிறது. மறைவான சுவர், இரவில் தூங்காமல் கோடு இழுப்பது, ஒவ்வொரு முகத்தையும் சந்தேகிப்பது எல்லாம் மனித இயல்பு. நம்ப முடியாதது அந்தக் காசோலைதான். 'நாங்கள் பிழைவிட்டோம்' என்று ஒரு நகரம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறதே, தொடரிலேயே மிகப் பெரிய கற்பனை அது. அமெரிக்காவில் அப்படி நடந்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். இங்கிருந்து பார்க்கிறவளுக்குத்தான் அது மாயாஜாலம்.

இன்னொன்று. இந்தத் தொடர் ஒளிபரப்பானது 2007 செப்டெம்பர் முதல் 2009 ஏப்ரல் வரை. அது தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்புதான், ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு கற்பனைப் பொலிஸ்காரன் நீதி தேடிய அந்த மாதங்களில், நாங்கள் கொழும்பின் பிரதான வீதியான காலி வீதியில் அடையாள அட்டையைச் சட்டைப்பையின் மேலேயே வைத்துக்கொண்டு நடந்தோம். மாமா இன்றைக்கும் வெளியே போகும்போது பொலித்தீன் பையொன்றில் விடுதலைப் பத்திரத்தின் பிரதியை மடித்து எடுத்துச் செல்கிறார். பிரதி மங்க மங்கப் புதிது எடுப்பார்.

தொடரில் எனக்குள்ள குறையும் இதுதான். குரூஸின் 12 ஆண்டுகள் சில வினாடிக் காட்சிகளாக வந்து மறைகின்றன. 'லைஃப்' என்று ஆயுள் தண்டனையைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு, தண்டனைக் காலத்தை இப்படித் தாண்டிப் போகலாமா? பழிவாங்கும் கதைகள் எல்லாமே இப்படித்தான். திரும்பி வருகிறவன்தான் அவற்றுக்கு வேண்டும், காத்திருக்கிறவனை வைத்து அத்தியாயம் ஓட்ட முடியாது. காத்திருந்த அம்மாவை வைத்து ஓட்டவே முடியாது. எங்கள் அம்மம்மா சட்டத்தரணிக்குக் கொடுப்பதற்காகச் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் இருந்த ஒன்பது பரப்புத் தோட்டக்காணியை விற்றார்; பரப்பு என்பது எங்கள் ஊர் நில அளவு. அந்தக் காணியில் வெங்காயம் விளையும்.

போன ஞாயிறு இரண்டாம் பருவம் தொடங்கினோம். 21 அத்தியாயங்கள். மாமாவும் வந்திருந்தார். இடையில், "சரி, எனக்குத் தருவதென்றால் எவ்வளவு வரும்?" என்று விளையாட்டாகக் கேட்டார். பெறாமகன் கைத்தொலைபேசியை எடுத்து நாலு வருடச் சம்பளம் என்று தொடங்கினான்.

"சம்பளத்தை விடு தம்பி. ஒன்பது பரப்பை மட்டும் போடு."

ஒரு பரப்பு இப்போது என்ன விலை என்று கேட்டான். மாமா யோசிக்காமல் சொன்னார். வீதிக்கரையென்றால் ஒரு விலை, உள்ளே என்றால் ஒரு விலை, கிணற்றுப் பங்கு இருந்தால் இன்னொரு விலை.