ஓரடிப் பெட்டியின் குரல்

ஸ்பீக்கருக்குப் பெரிய பெட்டி இல்லாமல் நல்ல ஒலி இல்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. என் வீட்டிற்கு வந்துபோன ஸ்பீக்கர்களில் மனத்தில் நின்றது, 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வாகனங்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஜோடிதான்; ஓரடி உயரமே உள்ள அந்த மூடிய மரப்பெட்டிக்குள் கெஃப் நிறுவனத்தின் பி110, டி27 ஆகிய இரு டிரைவர்களும் (ஒலியெழுப்பும் உறுப்புகள்), ஒலியை அவற்றுக்குப் பிரித்தனுப்பி அவற்றின் குறைகளையும் சமன்செய்யும் சிக்கலான கிராஸ்ஓவர் மின்சுற்றும் அடங்கியிருக்கும். பேச்சொலியைச் சரிபார்ப்பது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று என்பதாலோ என்னவோ, மனிதக் குரல் அதில் எதிரே அமர்ந்து பேசுவது போலவே கேட்கும். ஆழ்ந்த பாஸ், அதாவது மிகத் தாழ்ந்த சுருதியொலி, கிடையாது. 125 ஹெர்ட்ஸ் அதிர்வெண் அருகே சற்றே கூடுதலாக இருக்கும் ஒலியளவு, பாஸ் இருப்பதான ஒரு மயக்கத்தை மட்டும் தருகிறது. உணர்திறனும் (தரும் மின்திறனுக்கு எழும் ஒலியளவு) ஏறத்தாழ 83 டெசிபல் என்ற குறைந்த அளவுதான் என்பதால், நான் முதலில் இணைத்த, சில வாட் மட்டுமே தரும் வால்வு ஆம்ப்ளிஃபையர் திணறிப்போனது (தவறு என்னுடையதே). சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, உறுதியான தாங்கியின் மேல் காது உயரத்தில் வைத்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. பின்னர் வாங்கிய, தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களை ஓராண்டுக்குள் விற்றுவிட்டேன். இந்த ஜோடி இன்னும் என் படிப்பறையில் இருக்கிறது.