எரிமலைதான் அதிகம் கக்குகிறதா? வாட்ஸ்அப் தகவல் தவறு

"ஓர் எரிமலை வெடித்தால் போதும், மனிதகுலம் இதுவரை வெளியிட்ட கரியமில வாயு முழுவதையும் அது மிஞ்சிவிடும். புவி வெப்பமாதல் சும்மா புரளி" என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

கடலடி எரிமலைகளையும் சேர்த்து, உலகின் எரிமலைகள் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு 50 கோடி டன்னுக்கும் குறைவு. இது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் மதிப்பீடு. அதன் இணையதளத்தில் எரிமலை வாயுக்கள் பற்றிய பக்கத்தில் பார்க்கலாம். நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு, சிமென்ட் வழியாக நாம் வெளியிடுவது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். 1980-இல் வெடித்த அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 9 மணி நேரத்தில் ஏறக்குறைய 1 கோடி டன் கக்கியது. அந்த அளவை நாம் இரண்டரை மணி நேரத்தில் வெளியேற்றிவிடுகிறோம்.

வானை மறைக்கும் புகையைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் அதில் பெரும்பகுதி சாம்பலும் நீராவியும்தான்.

காற்றில் கூடும் கரியமில வாயு எரிமலையிலிருந்து வருவதல்ல என்பதற்குக் காற்றே சாட்சி. தாவரங்களிலிருந்து உருவான எரிபொருளில் கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் வகை குறைவு. எரிமலை வாயுவில் அதைவிட அதிகம். காற்றில் கார்பன்-13-இன் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. கூடவே ஆக்சிஜனும் சிறிதளவு குறைகிறது. எதையோ எரித்தால்தான் அப்படிக் குறையும்.

பெரிய எரிமலை வெடிப்பு உலகைச் சிறிது காலம் குளிர்விக்கவும் செய்யும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது, அதன் கந்தக டை ஆக்சைடு உருவாக்கிய நுண்துளிகள் வெயிலைத் தடுத்து உலகைச் சுமார் அரை டிகிரி குளிர்வித்தன. ஓரிரு ஆண்டுகளில் அந்த விளைவு மறைந்தது.

அந்தப் பதிவு வந்தால் மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த எண்களைக் கொடுங்கள்.